உள்ளே போனது 121, வெளியே வந்தது 187

2024 ஜனவரியில் தங்கை பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்தபோதுதான் முதன்முதலாகக் குடிதண்ணீரை அளந்து பார்த்தேன். அதற்கு முன் ஆறு வருஷமாக அதே தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தோம். பெங்களூரில் ஹொரமாவு தாண்டி உள்ளே போகும் ஒரு தெரு. மூன்று மாடி வாடகை வீட்டில் எங்களுடையது நடு மாடி. காவிரிக் குழாய் எங்கள் தெருவுக்கு வரவில்லை. தொள்ளாயிரம் அடி போர்வெல், கீழே சம்ப், மேலே கறுப்புத் தொட்டி, சமையலறைச் சுவரில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஒரு ஆர்ஓ. பாதாளச் சாக்கடையும் கிடையாது. கார் நிறுத்தும் சிமென்டுத் தரைக்கு அடியில் கழிவு இறங்கும் குழி இருக்கிறது. அதற்கும் போர்வெல்லுக்கும் நடுவே பத்தடிகூட இருக்காது. ஆறு வருஷமாக அதன்மேல்தான் வண்டியை நிறுத்துகிறேன், ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஹாலில் மீன் தொட்டி வைத்திருப்பதால் நைட்ரேட் பார்க்கும் காகிதப் பட்டை வீட்டில் எப்போதும் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா, போர் தண்ணீரில் ஒன்றை நனைத்தேன். நிறம் 20க்கும் 50க்கும் நடுவில் நின்றது. 25, 30 என்று வைத்துக்கொள்ளலாம். இந்தியத் தர நிர்ணயத்தில், அதாவது ஐஎஸ் 10500இல், குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை இருக்கலாம். அதற்குள்தான் இருக்கிறது என்று நிம்மதியாகப் பட்டையைக் குப்பையில் போட்டேன்.

இரண்டு நாள் கழித்துத்தான் டப்பாவின் பின்பக்கம் இருந்த பொடி எழுத்து கண்ணில் பட்டது. அது நைட்ரேட்டைச் சொல்லவில்லை, நைட்ரேட்டில் இருக்கும் நைட்ரஜனை மட்டும் சொல்கிறது. நைட்ரேட் கணக்குக்கு மாற்ற 4.43ஆல் பெருக்க வேண்டும். 28ஐப் பெருக்கினால் 124. சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா கூப்பிடுவது காதில் விழவில்லை.

நைட்ரேட்டைப் பெரியவர்கள் உடம்பு ஓரளவு சமாளித்துவிடும். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்குத்தான் ஆபத்து. உடம்புக்குள் அது நைட்ரைட்டாக மாறி, ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க லாயக்கில்லாததாக்கிவிடுகிறது. குழந்தை நீலம் பாரிக்கும். 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹன்டர் காம்லி என்ற மருத்துவர், கிணற்றுத் தண்ணீரில் பால் பவுடர் கரைத்துக் கொடுத்த குழந்தைகள் நீலம் பாரித்ததை எழுதிவைத்த பிறகுதான் உலகம் இதைக் கவனித்தது. 45 என்ற வரம்பு கைக்குழந்தைகளை மனதில் வைத்துப் போட்டது.

"நல்லா கொதிக்க வச்சுத்தானேடா குடுக்கப் போறோம்" என்றாள் அம்மா. கொதித்தால் கிருமி சாகும். நைட்ரேட்டுக்கு உயிர் இல்லை. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய மிச்சத்தில் அது கூடத்தான் செய்யும். இதை அம்மாவுக்குப் புரியவைக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. இன்றைக்கும் அவள் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை.

சரி, ஆர்ஓ இருக்கிறதே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனாலும் பட்டையை நம்பாமல், இந்த முறை சிவாஜிநகரில் மீன் தொட்டிச் சாமான் விற்கும் கடையில் சொட்டு மருந்து மாதிரி இரண்டு பாட்டில் வரும் கிட் ஒன்றை வாங்கிவந்தேன். இதன் அட்டை நேராக நைட்ரேட்டையே சொல்லும். இரண்டாவது பாட்டிலை அரை நிமிஷம் பலமாகக் குலுக்க வேண்டும். அடியில் உலோகத் தூள் படிந்திருக்கும். நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுவதே அந்தத் தூள்தான், அது கலங்காவிட்டால் எந்தத் தண்ணீரும் சுத்தமான தண்ணீராகத்தான் தெரியும். முதல் நாள் சோம்பலாகக் குலுக்கி, போர் தண்ணீரில் நைட்ரேட் 10 என்று கண்டுபிடித்து ஐந்து நிமிஷம் சந்தோஷமாக இருந்தேன். இன்னொரு விஷயம், அட்டையின் மேல்பகுதியில் 80க்கும் 160க்கும் ஒரே மாதிரி சிவப்பு. கண்ணுக்கு வித்தியாசம் பிடிபடாது. அதனால் ஒரு பங்கு தண்ணீரோடு மூன்று பங்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் சேர்த்துச் சோதித்து, வந்த எண்ணை நான்கால் பெருக்கினேன். பேட்டரி தண்ணீரைத் தனியாக ஒரு முறை சோதித்து அதில் பூஜ்யம் வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போர் தண்ணீர்: 120க்குப் பக்கம். ஆர்ஓ தண்ணீர்: 40க்குக் கொஞ்சம் கீழே.

ஆர்ஓ தண்ணீரில் நாற்பதா? தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தத்தைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை விட்டால் 180 காட்டுகிறது. போர் தண்ணீர் 910. மீட்டர் கணக்கில் எண்பது சதவீதம் போயிருக்கிறதே.

அப்போதுதான் நான்கு மாதத்துக்கு முன் வந்த சர்வீஸ்காரர் ஞாபகத்துக்கு வந்தார். டம்ளரில் மீட்டரை விட்டு, "55தான் இருக்கு சார், ரொம்பக் கம்மி, மினரலே இல்ல" என்று உதட்டைப் பிதுக்கி, பெட்டிக்குள் இருந்த ஒரு சின்னத் திருகை அரைச் சுற்று திருப்பினார். 180 வந்தது. ருசியும் நன்றாக இருந்தது. அவருக்கு டீ கொடுத்து அனுப்பினோம். அந்தத் திருகுக்கு டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று பெயர். உள்ளே அது செய்யும் வேலை, மெம்பரேனுக்குள், அதாவது உப்பை வடிக்கும் சவ்வுக்குள், போகாத தண்ணீரைக் கொஞ்சம் எடுத்துச் சுத்தமான தண்ணீரோடு கலப்பதுதான். கால்சியம் மட்டும் வா, நைட்ரேட் நீ வெளியே நில் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. கணக்குப் போட்டால் 55ஐ 180 ஆக்க ஏறக்குறைய 15 சதவீதம் போர் தண்ணீர் கலக்க வேண்டும். அதிலேயே 18 நைட்ரேட் வந்துவிடுகிறது. மீதி 18, 20 மெம்பரேன் வழியாகவே வருகிறது. நைட்ரேட்டுக்கு ஒற்றை மின்னூட்டம்தான். இரட்டை மின்னூட்டம் உள்ள கால்சியம், சல்பேட்டை மடக்குகிற அளவுக்கு மெம்பரேன் அதை மடக்காது. டிடிஎஸ்ஸில் 94 சதவீதத்தைத் தடுக்கும் பழைய மெம்பரேன், நைட்ரேட்டில் எண்பத்து சொச்சம்தான் தடுத்தது.

திருகை முழுக்க மூடினேன். டிடிஎஸ் 55, நைட்ரேட் 20. மூன்று வருஷ மெம்பரேனைக் கழற்றிப் புதிது போட்டேன். டிடிஎஸ் 28, நைட்ரேட் 10. ஹவுசிங் மூடியைத் திருகும் ஸ்பானர் இல்லாமல் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி முறுக்கித் திறந்தேன், அது தனிக்கதை. ருசி சப்பென்றுதான் இருந்தது. கால்சியம் வேண்டுமென்றால் கேழ்வரகுக் கூழ் குடிக்கலாம். பிப்ரவரியில் குழந்தை பிறந்தது. தாய்ப்பால் போதாமல் பவுடர் பால் சேர்க்க வேண்டியிருந்தபோது அந்தத் தண்ணீரைத்தான் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுத்தோம்.

இந்த மெம்பரேன் விஷயத்தில் நமக்குக் கொஞ்சம் பெருமைப்பட இடம் இருக்கிறது. உப்புத் தண்ணீரை அழுத்தி நல்ல தண்ணீர் பிழியும் முதல் பயன்படத்தக்க மெம்பரேனை 1960ஐ ஒட்டிக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் செய்தவர்கள் இருவர். சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன். திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் பெயர் தண்ணீர் சுத்திகரிப்பு வரலாற்றில் இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். "அப்புறம் ஏன் இவ்வளவு தண்ணிய வீணாக்குது?" என்றாள்.

நியாயமான கேள்வி. பிப்ரவரி கடைசியில் போர்வெல் காற்றைத் துப்ப ஆரம்பித்தது. 2024 மார்ச்சில் பெங்களூரில் இருந்தவர்களுக்கு அந்தத் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி அதற்கு மேல் சொல்ல வேண்டாம். குடிதண்ணீரில் கார் கழுவினால் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று அறிவித்த மாதம் அது. போர் இரண்டு மணி நேரம் கொடுக்கும், மீதிக்கு டேங்கர். அந்த நிலைமையில் ஆர்ஓ ஒரு குடம் கொடுக்க மூன்று குடத்தை வெளியே தள்ளுகிறது. அந்தத் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்துத் தரை துடைத்தோம், கக்கூஸுக்கு ஊற்றினோம். தங்கை கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றினாள். ஒரு மாதத்தில் இலை நுனியெல்லாம் கருகிவிட்டது.

நைட்ரேட்டை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை விட்டுவைக்கும் வழி ஏதாவது இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தது இந்த எரிச்சலில்தான். கரி வடிகட்டி குளோரின், பூச்சிக்கொல்லி, நாற்றம் எல்லாவற்றையும் பிடிக்கும், நைட்ரேட்டைப் பிடிக்காது. யூவி விளக்குக்கு இதில் வேலையே இல்லை. எதையாவது போட்டு அடியில் படியவைக்கலாம் என்றால், நைட்ரேட் உப்புகள் ஏறக்குறைய எல்லாமே தண்ணீரில் கரைபவை. எங்கள் பிளம்பர் தம்பி தருமபுரிக்காரர். சிரித்தால் முன்பல்லில் பழுப்புக் கோடு தெரியும். ஃப்ளூரைடு. "எங்க ஊர்ல ஏதோ வெள்ளைக் குருணை போட்ட ஃபில்டர் வச்சாங்கண்ணா, அது இதுக்கு ஆகாதா?" என்று கேட்டார். அவர் சொன்னது ஆக்டிவேட்டட் அலுமினாவாக இருக்க வேண்டும். ஃப்ளூரைடுக்கு அது நல்ல மருந்து. படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுக் கலக்கித் தெளியவிடும் நல்கொண்டா முறையும் உண்டு, நாக்பூரில் இருக்கும் நீரி என்ற சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவானது. இரண்டாலும் நைட்ரேட்டை ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொரு அழுக்குக்கும் ஒரு பூட்டு, ஒரு சாவி.

வீட்டில் செய்யக்கூடியதாக மிஞ்சியது ரெசின், தண்ணீரில் கரைந்திருப்பதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வேறொன்றை விடும் சின்னச் சின்ன மணிகள். போர் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் பல அபார்ட்மென்ட்களில் இருக்கிறது. அதில் இருப்பது கால்சியத்தைப் பிடித்து சோடியத்தை விடும் ரெசின். அதற்குத் தம்பி மாதிரி இன்னொன்று உண்டு. நைட்ரேட் போன்றவற்றைப் பிடித்துக் குளோரைடை விடும். தீர்ந்துபோனால் உப்புத் தண்ணீர் விட்டு மறுபடி தயாராக்கலாம். தண்ணீர் வீணாவது மிகக் குறைவு.

முதலில் தண்ணீரை ஒழுங்காகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல் அமைப்பின் சான்று பெற்ற ஒரு லேபுக்கு ஐஸ் பெட்டியில் பாட்டிலை வைத்து எடுத்துப்போனேன். வந்தது இது: நைட்ரேட் 124, சல்பேட் 94, குளோரைடு 212, காரத்தன்மை 350, கடினத்தன்மை 590, ஃப்ளூரைடு 0.8. அதைப் பார்த்து, நைட்ரேட்தானே பிரச்சினை, சல்பேட் 200 என்ற வரம்புக்குக் கீழேதானே இருக்கிறது என்று சல்பேட் வரியைத் தாண்டிப் போனேன். முழுக் கதையும் அந்த வரியில்தான் இருந்தது.

எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் வாங்கியது மூன்று அங்குல பிவிசி குழாய் மூன்றடி, இரண்டு எண்ட் கேப், நைலான் வலை, கால் அங்குல டியூப், வால்வு. முன்னே சொன்ன தம்பி ரெசின், அதாவது தண்ணீரிலிருந்து உப்பை எடுக்கும் டிஎம் பிளான்ட்டுக்குப் போடும் சாதாரண ஆனயான் ரெசின், இரண்டு லிட்டர். உணவுத் தரத்தில் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். தொழிற்சாலைக்கு விற்கும் மூட்டையைக் குடிதண்ணீருக்கு எடுக்கக் கூடாது. இரண்டு லிட்டர் ரெசின் குழாயில் பாதிக்கும் கொஞ்சம் குறைவாக நிற்கும். மேலே காலியாக விட வேண்டும், கீழிருந்து தண்ணீர் விட்டுக் கழுவும்போது மணிகள் எழும்பிப் பிரிய இடம் வேண்டும்.

செய்த தப்புகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வலையின் கண் பெரிதாக இருந்ததால் முதல் பக்கெட்டில் மீன் முட்டை மாதிரி மஞ்சள் மணிகள் இறங்கின. இரண்டு மடிப்பாகப் போட்டதும் நின்றது. ஒட்டும் சிமென்ட் வாசனை போகக் குழாயை ஒரு வாரம் மொட்டை மாடியில் வெயிலில் வைத்தேன். வெளியேறும் டியூபைக் கீழேயே விட்டதால் தண்ணீர் வடிந்து ரெசின் காய்ந்து, நடுவில் காற்று புகுந்து, அடுத்த முறை ஊற்றியது ஒரே ஓட்டை வழியாக ஓடியது. டியூபை வளைத்து ரெசின் மட்டத்துக்கு மேலே தூக்கிக் கட்டினேன். அதற்குப் பிறகு குழாய் வற்றவே இல்லை. இந்த ஒன்றைச் செய்யாமல் யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

புது ரெசினுக்கு ஒரு நாற்றம் உண்டு. முதல் குடம் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தேன்.

"டேய், மீன் கழுவின தண்ணி மாதிரி நாறுது."

அம்மா சொன்னது வேதியியல்படி மிகச் சரி. ரெசினைச் செய்யும்போது சேரும் டிரைமெத்தில் அமீன்தான் பழைய மீனிலும் வாசனை தருவது. நாற்பது லிட்டர் ஊற்றிக் கழுவியதும் போய்விட்டது. அந்த நாற்பது லிட்டரும் கக்கூஸ் பக்கெட்டுக்குப் போனது. பிறகு உப்புத் தண்ணீர் விட்டுப் புதிதாக்கி, நன்றாகக் கழுவி, மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை கணக்கைத் தொடங்கினேன். ஸ்டூல்மேல் இருபது லிட்டர் கேன், அதிலிருந்து குழாய்க்குள், மணிக்குப் பத்து லிட்டர் போல மெதுவாக. நோட்டில் எழுதியது அப்படியே:

முதல் 20 லிட்டர். டிடிஎஸ் உள்ளே 910, வெளியே 1005. நைட்ரேட் 0. உப்புக் கரிக்கிறது.
120 லிட்டர். டிடிஎஸ் 915. நைட்ரேட் 0. கரிப்பு போய்விட்டது.
300 லிட்டர். டிடிஎஸ் 910. நைட்ரேட் 10.

பிளம்பர் தம்பி தன் மீட்டரை விட்டுப் பார்த்து, "அண்ணா, இது வேலையே செய்யல. கூடத்தான் இருக்கு" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ரெசின் ஒன்றை எடுத்து ஒன்றைக் கொடுக்கிறது, மொத்தம் குறையாது. ஆரம்பத்தில் நைட்ரேட்டோடு பைகார்பனேட்டையும் பிடித்து அத்தனைக்கும் குளோரைடை விட்டதால்தான் அந்தக் கரிப்பு. பைகார்பனேட்டை விடக் குளோரைடு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். டிடிஎஸ் மீட்டர் உண்மையில் அளப்பது மின்கடத்தலைத்தான், அதனால் எண் ஏறியது. நைட்ரேட் 40 இருந்த ஆர்ஓ தண்ணீருக்கு 180 என்று பாஸ் போட்ட அதே மீட்டர், நைட்ரேட்டே இல்லாத தண்ணீருக்கு 1005 என்று ஃபெயில் போட்டது. அன்றிலிருந்து அதை மீன் தொட்டி அலமாரியில் போட்டுவிட்டேன்.

இரண்டு லிட்டர் ரெசின் 500 லிட்டர் வரை தாங்கும் என்பது என் கணக்கு. நைட்ரேட், சல்பேட் இரண்டையும் சேர்த்துத்தான் போட்டிருந்தேன், அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. ஒரு நாளைக்கு இருபது லிட்டர், ஆக இருபத்தைந்து நாள். இருபதாம் நாள் உப்பு விட்டுவிடலாம் என்று காலண்டரில் வட்டம் போட்டேன்.

340 லிட்டர். நைட்ரேட் 40.
360 லிட்டர். 80? சிவப்பு.
400 லிட்டர். அட்டைக்கு வெளியே. நான்கு மடங்கு கரைத்துப் பார்த்தேன். 200?

இருபதாம் நாள் காலை அந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு, கிட்டில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். மறுபடி குலுக்கிச் செய்தேன். அதே நிறம். உள்ளே போகும் தண்ணீரைச் சோதித்தேன், 120. ரெசின் தீர்ந்துபோயிருந்தால் உள்ளே போனதுதானே வெளியே வர வேண்டும்? அதைவிட அதிகம் எங்கிருந்து வரும்? இரண்டு பாட்டிலையும் லேபுக்கு எடுத்துப்போனேன். உள்ளே 121, வெளியே 187.

நல்லவேளை, குழந்தைக்கு அந்தக் குழாய்த் தண்ணீரை ஒரு சொட்டும் கொடுத்ததில்லை, அது ஆரம்பத்திலேயே முடிவு செய்தது. ஆனால் மூன்று நாளாகச் சோறு, குழம்பு எல்லாம் அதில்தான்.

என்ன நடந்தது என்பதை பெங்களூரு–சென்னை ரயிலை வைத்துத்தான் நானே புரிந்துகொண்டேன். ரெசின் ஒரு ரயில் பெட்டி. ஆரம்பத்தில் சீட்டெல்லாம் குளோரைடு உட்கார்ந்திருக்கிறது, டிக்கெட் இல்லாத ஆள். நைட்ரேட் ஆர்ஏசியோடு ஏறுகிறது, குளோரைடை எழுப்பிவிட்டு உட்கார்கிறது. சல்பேட் கன்ஃபர்ம் டிக்கெட்காரர், ஜோடியாக வருகிறவர், இரண்டு சீட்டு கேட்பார். சாதாரண ரெசினில் சல்பேட்டுக்குத்தான் முதலிடம். தண்ணீர் வர வர, முன்பக்கம் ஏறிய சல்பேட் அங்கே உட்கார்ந்திருந்த நைட்ரேட்டை எழுப்பிப் பின்பக்கம் தள்ளுகிறது. நைட்ரேட் நகர்ந்து நகர்ந்து பெட்டியின் கடைசியில் கூட்டமாகச் சேர்கிறது. ஜோலார்பேட்டை வரை எல்லாம் அமைதி. கடைசி சீட்டும் சல்பேட் கைக்குப் போகத் தொடங்கியதும், புதிதாக ஏறும் நைட்ரேட்டோடு இத்தனை நாள் சேர்ந்த நைட்ரேட்டும் ஒரே வாசல் வழியாக இறங்குகிறது. தண்ணீர் துறையில் இதை நைட்ரேட் டம்பிங் என்பார்கள். ரெசின் வடிகட்டியை மறந்துபோய் விட்டுவிட்டால், வடிகட்டியே இல்லாததைவிட மோசம்.

என் தண்ணீருக்குக் கணக்குப் போட்டால் 245 வரைகூடப் போயிருக்கலாம். 187இல் பிடித்தது அதிர்ஷ்டம். 500 லிட்டர் ஏன் வரவில்லை என்பதற்கும் விடை கிடைத்தது. தண்ணீரிலேயே குளோரைடு தாராளமாக இருப்பதால், அத்தனை சீட்டையும் அது நைட்ரேட்டுக்கு விட்டுக்கொடுக்காது.

அப்புறம் உப்பு விட்டேன். கல்லுப்பு 400 கிராம், நான்கு லிட்டர் தண்ணீர், நாற்பது நிமிஷத்தில் மெதுவாக இறங்கும்படி. கழுவிய பிறகு நைட்ரேட் மறுபடி 0. வேலை செய்கிறது, ஆனால் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. 250 லிட்டரிலேயே உப்பு விட்டால் பாதுகாப்புதான். ஆனால் ஒரு நாள் நான் ஊருக்குப் போய்விட்டால்? டேங்கர்காரர் கொண்டுவரும் தண்ணீரில் சல்பேட் இரண்டு மடங்கு இருந்தால்? ஏப்ரலில் வந்த ஒரு டேங்கரில் நைட்ரேட் 60, இன்னொன்றில் 150. சல்பேட் எவ்வளவு என்று பார்க்க வீட்டில் வழியே இல்லை.

மே மாதம் நைட்ரேட்டுக்கென்றே செய்த ரெசின் கிடைத்தது. விலை மூன்று மடங்குக்கு மேல், கொள்ளளவும் குறைவு. ரயில் கதையில் சொன்னால், இதில் சீட்டுகள் தள்ளித் தள்ளிப் போடப்பட்டிருக்கின்றன. அமீனில் மெத்தில் தொகுதிக்குப் பதில் பருமனான பியூட்டைல் தொகுதிகளை வைத்ததால் வந்த இடைவெளி. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீட்டு கிடைக்காததால் சல்பேட்டுக்கு இங்கே மரியாதை இல்லை, ஒண்டியாள் நைட்ரேட்டுக்குத்தான் முதலிடம். தீர்ந்துபோனாலும் வெளியே வருவது உள்ளே போன அளவுக்கு மேல் எகிறாது. இந்த முறை வேண்டுமென்றே தீரும் வரை ஓட்டிப் பார்த்தேன், அந்தத் தண்ணீரைக் குடிக்காமல். 10, 20, 40, 80, பிறகு 120. அங்கேயே நின்றது. இருநூறு லிட்டர் கூடுதலாக விட்டும் 120தான்.

கழிவு உப்புத் தண்ணீர் மட்டும் இன்னும் உறுத்துகிறது. செடிக்கு ஊற்ற முடியாது. சிங்கில் ஊற்றினால் முன்னால் இருக்கும் குழிக்குப் போகும். குழியிலிருந்து மண்ணுக்கு, மண்ணிலிருந்து எங்கே என்று உங்களுக்கே தெரியும். ஆர்ஓ தள்ளும் தண்ணீரும் அதே வழிதான். எங்கள் கழிவின் வழியாக முதல் ஆளாக நைட்ரேட்டை உள்ளே அனுப்பியது நாங்கள்தான், இப்போது அதையே பிழிந்து அடர்த்தியாக்கித் திருப்பி அனுப்புகிறோம். வீட்டுக்காரரிடம் குழியைப் பற்றிப் பேசினேன். முப்பது வருஷமாக இதே தண்ணீர்தான், தனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றார். உப்புத் தண்ணீரை இப்போதைக்கு அகலத் தட்டில் ஊற்றி மொட்டை மாடியில் காயவைத்து, மிஞ்சும் உப்பைக் குப்பையில் போடுகிறேன். நான்கு நாள் ஆகிறது, மழை வந்தால் எல்லாம் கெட்டது. பெரிய தீர்வு என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

இப்போதைய ஏற்பாடு இது. குடிக்கவும் குழந்தைக்கும் ஆர்ஓ, கலக்கும் திருகு மூடி, அதன்மேல் டேப் ஒட்டி "தொடாதே" என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதியிருக்கிறேன். சமையலுக்கு ரெசின் தண்ணீர், கொதிக்கவைத்துத்தான். ஈரமான ரெசினில் கிருமி தங்கும், அதற்கு அம்மாவின் வைத்தியம் சரியான வைத்தியம். திங்கட்கிழமைதோறும் இரண்டு குழாயிலும் கிட் சோதனை. இப்படிப் பிரித்ததில் ஆர்ஓ ஓடுவது ஒரு நாளைக்கு எட்டு லிட்டருக்குத்தான்.

2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள், ஒரு நாளைக்கு 775 மில்லியன் லிட்டர், நகரத்தோடு சேர்த்த 110 கிராமங்களுக்கு. எங்கள் தெருவையும் தோண்டிக் குழாய் புதைத்துவிட்டார்கள், மேலே ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. வந்தால் ஒரு வேலை இருக்கிறது. காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது ரெசினையும் ஆர்ஓ மெம்பரேனையும் அரித்துவிடும். இரண்டுக்கும் முன்னால் ஒரு கரி கார்ட்ரிட்ஜ் மாட்ட வேண்டும். ஹவுசிங் வாங்கி வைத்துவிட்டேன். கிட்டின் இரண்டாவது பாட்டில் தீரப்போகிறது, ஞாயிற்றுக்கிழமை சிவாஜிநகர் போக வேண்டும்.